இருநூற்றுப் பதினோரு மணி நேரம்

மார்னி ஹ்ரிட்சாக்கை நேரில் நான் பார்த்ததில்லை,
போன மே மாதம் வரை.
ஆனால் எந்த மேடைப் படியில்
எந்தக் காலை முதலில் வைப்பாள் என்று கேளுங்கள்,
சொல்கிறேன்.

இருநூற்றுப் பதினோரு மணி நேரம்
பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது
ஹாலிஃபாக்ஸில் என் நிலவறைக்கு.
ஜனவரியில் கிளம்பிய பேருந்து, இருபத்து மூன்று ஊர்.
தண்டர் பேயில் ஒரு கிடார் களவு போயிற்று,
ரெஜைனாவில் திரும்பி வந்தது.
எப்படி என்று எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.
தொண்ணூற்று நான்கு நிமிடமாக்கு என்றாள்
இயக்குநர் கிஸ்லேன்,
உப்புப் போதுமா என்று கேட்பதுபோல்
அவ்வளவு லேசாக.

ஓட்டுநர் ஆர்வில் டெய்ட்
சூரியகாந்தி விதை கொறித்தபடி நான்கு மணி நேரம்
தன் இரண்டு மனைவிகளைப் பற்றிப் பேசியிருந்தார்.
படத்தில் இருப்பது அவர் பிடரி மட்டும்,
ஏழு நொடி.
அவருக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன். எழுதவில்லை.

நான் கத்தரித்ததில் பெரும்பங்கு இருமல்.
அப்புறம் மூச்சு.
பாட்டுக்கு முன் அவள் மூக்கால் இழுப்பாள்,
பொய்க்கு முன் வாயால்.
பேட்டி எடுத்தவர்களுக்கு இது தெரியாது.
"மேடைதான் என் வீடு" – வாயால்.
"ட்ரம்மர் எனக்குத் தம்பி மாதிரி" – வாயால்.
"பசிக்குது" – மூக்கால்.

ஸ்விஃப்ட் கரன்ட். பிப்ரவரி ஒன்பது.
ஐஸ் ஹாக்கி அரங்கம்.
உறைதளத்தின் மேல் பலகை பரப்பி
அதன்மேல் ஆயிரத்து முந்நூறு பேர்.
குளிர் பூட்ஸ் வழியாக ஏறியதால் குதித்தார்களா,
பாட்டுக்காகவா,
படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
மூன்றாம் பாட்டின் உச்சியில் குரல் உடைந்தது.
கண்ணாடி உடைவதுபோல் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. ஈரத் துணி கிழிவதுபோல்,
பெரிதாகச் சத்தமே இல்லை.
கூட்டம் அந்த வரியை வாங்கிக்கொண்டு பாடியது.
கிஸ்லேன் அழுதாளாம்.
மேடையோரக் கேமராக்காரன்
பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

முகம் இல்லை.
சட்டையில் குத்திய மைக் மட்டும் உயிரோடிருந்தது.

இரவெல்லாம் அதைத்தான் கேட்டேன்:
பலகையில் பூட்ஸ், ஒரு கதவு, இன்னொரு கதவு,
ஏதோ இயந்திரத்தின் முனகல்.
பிறகு ஓர் ஆண்குரல்.
"கழிவறை அந்தப் பக்கம்மா."
"தெரியும். இது என்ன வண்டி?"
"பனிக்கட்டியைச் சீவுற வண்டி."
"கத்தியை எத்தனை நாளைக்கு ஒருதரம் தீட்டுவீங்க?"
பதினொரு நிமிடம்.
கத்தி, வெந்நீர், தரைக்கடியில் ஓடும் குழாய்,
உள்ளூர்ப் பையன்கள் தோற்கும் இரவில்
தளத்தில் சிராய்ப்பு ஏன் அதிகம் என்பது.
வெளியே ஆயிரத்து முந்நூறு பேர்
அவள் பெயரைச் சொல்லிப் பலகையை உதைக்கிறார்கள்.
"என்ன சத்தம் அது?" என்கிறாள்.
"யாரோ பாடகியாம்," என்கிறார் அவர்.
மூக்கால் ஒரு மூச்சு. நீளமாக.

படமே இல்லாமல் பதினொரு நிமிடமா,
புரொஜெக்டர் போய்விட்டதென்று
எழுந்து வருவார்கள் என்றாள் கிஸ்லேன்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் நாற்பது நொடிக்கு இறங்கி வந்தேன்.
பேருந்து ஜன்னலில் எடுத்த பனிவெளியை
அதன்மேல் போர்த்தினோம்.
அழகாகத்தான் இருக்கிறது.
அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் பத்து நிமிடம் இருபது நொடி
என்னிடம் இருக்கிறது.
ஒப்பந்தப்படி அழித்திருக்க வேண்டும்.

டொராண்டோவில் முதல் காட்சி.
"யாரோ பாடகியாம்" வந்த இடத்தில்
இரண்டாம் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரித்தாள்.
விளக்குப் போட்டதும் கைகுலுக்கிக்கொண்டே வந்தாள்.
திரையில் இருந்ததைவிடக் குள்ளம்.
மோதிரம் சில்லென்றிருந்தது.
"நீங்க?"
"எடிட்டர்."
அவள் பேச வாயெடுத்ததும்
சட்டைப்பைக்குள் என் கட்டைவிரல்
வெட்டும் பொத்தானைத் தேடியது, தானாக.

"படம் ரொம்பப் பிடிச்சிருந்தது," என்றாள்.

அதற்கு முன் இழுத்த மூச்சு எந்த வழியாகப் போனது?
கோப்பைகளின் சத்தம், பக்கத்தில் யாரோ சிரித்தது.
கேட்கவில்லை.
திருப்பிப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.